குளம், கோயில், கோட்டை, காவு: குமரி மாவட்டத்தில் எதற்கு அரசுப் பணம் கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனு எழுதுவது எனக்குத் தொழில் இல்லை, ஒட்டிக்கொண்ட பழக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தக்கலைப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து, "அண்ணாச்சி, ஒரு மனு எழுதித் தரணும்" என்று வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்குக் குறைவில்லை. குளக்கரை உடைந்தவர், கோயில் மேற்கூரை ஒழுகுகிறவர், பாட்டா (தாத்தா) காலத்து வீட்டை இடிக்க மனசில்லாதவர், வயலை விற்கச் சொல்லி மகன் நச்சரிக்கிறவர் என்று பலதரப்பட்டவர்கள். கேள்விகள் மட்டும் சுற்றிச்சுற்றி ஒன்றுதான்: பழையதையும் மண்ணையும் காப்பாற்ற அரசு காசு தருமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லித் தொண்டை வறண்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஊர்க் குளத்தின் மடை உடைந்து கிடக்கிறது. முதலில் எந்த ஆபீசுக்குப் போக வேண்டும்?

எந்த ஆபீசுக்கும் போகாதீர்கள். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்த சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குளம் நீர்வளத்துறையினுடையதா, ஊராட்சியினுடையதா, கோயிலுடையதா என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. பணம் அந்த வரியைப் பார்த்துத்தான் வரும், குளத்தின் கதியைப் பார்த்து வராது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். எங்கள் ஊர்க் குளத்தில் மடைப்பலகை உளுத்துப் போய்விட்டது. அதற்குப் பதிலாக யாரோ தென்னந்தடி ஒன்றைச் சொருகி, இரண்டு பக்கமும் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். தடிக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு விரல் கனத்துக்கு இரவும் பகலும் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. பார்த்தால் ஒன்றுமே இல்லை போலிருக்கும். இரண்டாம் போகமான கும்பப்பூ நெல் பால் பிடிக்கிற நேரத்தில் குளம் தரை தட்டி, கடைசி வயல்காரர்கள் மோட்டார் வாடகைக்கு எடுத்தார்கள். நான் மனு எழுதினேன். ஓர் அலுவலகம் "இது எங்கள் குளம் இல்லை" என்று இன்னொன்றுக்கு அனுப்பியது. அது மூன்றாவதற்கு அனுப்பியது. 14 மாதம் கழித்து மனு முதல் அலுவலகத்துக்கே திரும்பி வந்தபோதுதான் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அது தேவசத்துக்கு, அதாவது கோயில் நிர்வாகத்துக்குச் சொந்தமான குளம். அந்த மூன்று அலுவலகத்தில் எதற்குமே அதில் காசு போட அதிகாரம் கிடையாது. மூவரும் சொன்னது உண்மைதான். எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மற்ற மாவட்டங்களை விட இங்கே ஏன் இத்தனை சிக்கல்?

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் கொச்சியில் இருந்தோம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் ஒரே நாளில் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நிலம் வந்தது, அதோடு வேறொரு ராஜ்ஜியத்தின் கணக்கும் வந்தது. பழைய பிரமாணங்கள் (நிலப் பத்திரங்கள்) பல மலையாளத்தில் இருக்கின்றன. கோயில்கள் திருவிதாங்கூர் தேவசத்தின் கீழ் இருந்தவை. காட்டுக்கும் வயலுக்கும் அங்கே வேறு சட்டம். இதையெல்லாம் தமிழ்நாட்டுப் பெட்டிகளில் அடுக்கும்போது சில பொருள்கள் இரண்டு பெட்டிக்கும் நடுவில் விழுந்துவிட்டன. உங்கள் வீட்டில் மலையாளப் பிரமாணம் இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர் உயிரோடு இருக்கும்போதே படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எந்த மனுவுக்கும் அதுதான் அஸ்திவாரம்.

பத்மநாபபுரம் அரண்மனை நம்ம மாவட்டத்தில்தானே இருக்கிறது? அதற்குத் தமிழ்நாடு ஏன் செலவு செய்வதில்லை?

அரண்மனை இருக்கிற மண் தமிழ்நாடு, அரண்மனை கேரள அரசின் சொத்து. மாநிலப் பிரிவினைக்குப் பிறகும் அது அவர்களிடமே நின்றுவிட்டது. கேரளத் தொல்லியல் துறைதான் ஆள் போட்டு, சீட்டு வசூலித்து, கூரை ஓடு மாற்றுகிறது. கட்டத் தொடங்கியது 1601 வாக்கில். தலைநகரம் 1795இல் திருவனந்தபுரத்துக்குப் போகும் வரை ராஜ்ஜியம் இங்கிருந்துதான் ஆளப்பட்டது. 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது.

எனவே அரண்மனையில் ஒரு ஜன்னல் உளுத்தால் நாகர்கோவில் கலெக்டரிடம் மனுக் கொடுத்துப் பயனில்லை. அரண்மனைக்கு வெளியே சாலை, சாக்கடை, கடை ஆக்கிரமிப்பு எல்லாம் நம்முடைய பொறுப்பு. மதிலுக்கு உள்ளே சுண்ணாம்பும் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்ததாகச் சொல்லப்படும் கறுப்புத் தரை இன்றும் கண்ணாடி போல் மின்னுகிறது. மதிலுக்கு வெளியே வந்தால் ஓடையில் பிளாஸ்டிக். இரண்டு அரசுகளும் ஒற்றுமையாக நிற்பதை நான் பார்ப்பது வருஷத்தில் ஒரு நாள்தான். நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது, மன்னரின் உடைவாள் கைமாறுகிற அந்தக் காலை நேரத்தில்.

அரசியலமைப்புச் சட்டத்திலேயே நம்ம கோயில்களுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பலர் நம்ப மாட்டார்கள். 290-அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1956இல் ஏழாவது திருத்தத்தின்போது சேர்த்தது. கேரளம் ஒவ்வோர் ஆண்டும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவசம் நிதிக்குக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயை, திருவிதாங்கூர் கொச்சியிலிருந்து வந்த பகுதிக் கோயில்களின் பராமரிப்புக்காக இங்குள்ள தேவசம் நிதிக்குக் கொடுக்க வேண்டும். மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து நேரே எடுக்கிற செலவு இது. சட்டசபையில் ஓட்டெடுப்புக் கூடத் தேவையில்லை.

ராஜ்ஜியம் கோயில் சொத்துகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில். அந்த நிலங்களின் வருமானம் கஜானாவுக்குப் போனதால் கோயிலை நடத்துகிற கடனும் கஜானாவின் தலையில் விழுந்தது. இந்தத் தொகை அந்தக் கடனின் தொடர்ச்சி, தானம் அல்ல. இதை யாராவது "அரசு கோயிலுக்கு அள்ளிக்கொடுக்கிறது" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இனிக் கணக்குப் போடுங்கள். தேவசம் நிர்வாகத்தில் நம் மாவட்டத்தில் 490 கோயில்கள். 13 லட்சத்து 50 ஆயிரத்தை அதால் வகுத்தால் ஒரு கோயிலுக்கு ஆண்டுக்கு 2,755 ரூபாய். ஒரு நாளைக்கு 7 ரூபாய் 55 காசு. அதில் ஒரு தேங்காய் வாங்க முடியாது. 1956இல் அது பெரிய பணம், ஆனால் சட்டத்தில் எழுதிய எண் விலைவாசியைப் பார்த்து ஏறாது. மாநில அரசு அதற்கு மேல் தன் இஷ்டப்படி மானியம் சேர்த்துத் தருவதால்தான் விளக்கு எரிகிறது. இஷ்டப்படி தருவதை இஷ்டப்படி குறைக்கவும் முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் சின்னது. திருப்பணிக்கு அரசு நிதி கிடைக்குமா?

கிராமக் கோயில்களுக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்புக் கோயில்களுக்கும் அறநிலையத்துறை வழியாக ஆண்டுதோறும் திருப்பணி உதவி உண்டு. கோயிலுக்கு 2 லட்சமாக இருந்ததை இரண்டரை லட்சமாக்கினார்கள். ஆயிரம் ஆண்டு கடந்த கோயில்களுக்குத் தனியே அரசு மானியம் வைத்திருக்கிறார்கள். கோயில் ஊருக்குப் பொதுவானதாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் இசக்கியம்மனும் மாடன் தம்புரானும் பாதிக்குப் பாதி ஏதோ ஒரு குடும்பத்தின் விளையில், அதாவது தோட்டத்தில்தான் நிற்கிறார்கள். பட்டா ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

பணம் வந்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. இரண்டரை லட்சம் கையில் கிடைத்ததும் கமிட்டிக்காரர்கள் முதலில் வாங்குவது சிமெண்டும் டைல்ஸும் எனாமல் பெயிண்டும். ஒரு சாஸ்தா கோயிலில் நூற்றாண்டுகள் நின்ற கல்சுவரின் இடுக்குகளில் சிமெண்ட் பூசினார்கள். இரண்டே மழைக்காலம். கல்லின் முகத்தில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகப் பொரிந்தது, விரலால் தேய்த்தால் மாவு போல் கொட்டியது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத ஈரம் கல் வழியாக வந்து, உப்பைக் கல்லிலேயே விட்டுவிட்டுக் காய்கிறது.

பழைய கொத்தனார் ஒருவர் கலவை போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நீற்றிய சுண்ணாம்பை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். கடுக்காயை இடித்துப் போட்ட தண்ணீர் ஒரு பானையில், கருப்பட்டிப் பாகு இன்னொரு பானையில். அரைத்த கலவையைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தார், விழவில்லை. "இப்போ பூசலாம்" என்றார். அவருடைய ஒரு நாள் கூலியை எஸ்டிமேட்டில் எழுத வரிசை எண் கிடையாது. சிமெண்ட் மூட்டைக்கு உண்டு. பழைய கட்டடங்கள் கெடுவதற்கு பாதிக் காரணம் இந்த எஸ்டிமேட் படிவம்தான் என்று நான் சொன்னால் பொறியாளர்கள் சிரிக்கிறார்கள்.

அறநிலையத்துறைக் கோயில் என்றால் வேலை தொடங்கும் முன் வல்லுநர் குழுவின் ஒப்புதல் வேண்டும். 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் கோயில் பாதுகாப்புக்கென 75 கட்டளைகள் பிறப்பித்த பிறகு இதில் கெடுபிடி அதிகம். மணலை வேகமாக வீசிச் சிற்பத்தைச் சுத்தம் செய்கிற வேலைக்குத் தடை உண்டு. கெடுபிடியால் தாமதமாகும்தான். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளுக்கு 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில்தான் கும்பாபிஷேகம் நடந்தது. ஆறு மாதம் தாமதமானால் குடிமுழுகிவிடாது.

சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் இதுபோல உண்டா?

உண்டு. தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழ்நாடு அரசு நிதி தருகிறது. கட்டி எத்தனை வருடம் ஆனது என்பதை வைத்துத் தொகை. 10 முதல் 15 வருடமானவற்றுக்கு 10 லட்சம், 15 முதல் 20 வரை 15 லட்சம், அதற்கு மேல் 20 லட்சம் வரை என்று உயர்த்தியிருக்கிறார்கள். சொந்த இடத்தில் கட்டியிருக்க வேண்டும், வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக் கூடாது. நம் மாவட்டத்தில் பல சபைகள் தடுக்கி விழுவது இரண்டாவது நிபந்தனையில்தான். விண்ணப்பம் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்துக்கு. பள்ளிவாசல், தர்கா பழுதுபார்ப்புக்கு வக்ஃப் வாரியம் வழியாகக் கேட்க வேண்டும்.

எனக்கு ஒரு குறை. இருபது வருடக் கான்கிரீட் சர்ச்சும், கி.பி. 63இல் புனித தோமையார் கட்டியதாக மரபு சொல்கிற திருவிதாங்கோடு அரப்பள்ளியும் இந்தத் திட்டத்தில் ஒரே படிநிலையில் வருகின்றன. பழுதுபார்க்கிற திட்டமாகத்தான் இதை எழுதினார்கள், பழமையைக் காக்கிற கண்ணோடு யாரும் எழுதவில்லை.

சிதறால் மலைக்குப் பக்கத்தில் வீடு. மாடி எடுக்கலாமா?

சிதறால் சமண நினைவிடம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கிக் கட்டலாம். 100 மீட்டருக்குள் பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். 2010இல் சட்டத்தைத் திருத்தி இப்படி ஆக்கினார்கள். வட்டக்கோட்டைக்கும் இதே கணக்குத்தான். எல்லை எது என்பதைக் கண்ணால் அளக்காதீர்கள், துறையின் வரைபடத்தில் பாருங்கள். இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஈடாக வீட்டுக்காரருக்கு ஒரு பைசா கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலைமேல் 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் குணந்தாங்கி குரத்தியார் என்ற சமணப் பெண்துறவி பொன் அணிகலன்கள் தானம் செய்த கல்வெட்டு இருக்கிறது. கீழே வீட்டுக்காரர் தன் மாடியையே தானம் செய்திருக்கிறார், அவருக்குக் கல்வெட்டு இல்லை.

பாட்டா கட்டிய, நடுமுற்றத்தைச் சுற்றி நாலு கட்டு வைத்த நாலுகெட்டு வீடு. இடிக்க மனசில்லை. அரசு உதவுமா?

இல்லை. தனியார் வீட்டைப் பழமைக்காகப் பேணினால் பணம் தருகிற திட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. பாரம்பரிய ஆணையத்துக்கு 2012இலேயே சட்டம் இயற்றினார்கள், அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதை நம்பி ஓடு மாற்றாமல் இருக்காதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் ஓட்டைப் பிரித்து, கழுக்கோலில் (கூரைச் சட்டத்தில்) கரையான் இருக்கிறதா என்று பார்த்து, உடைந்த ஓட்டை மாற்றுங்கள். ஓடு ஒழுகாத வீடு நூறு வருடம் நிற்கும்.

சுசீந்திரம் குளம் ராம்சார் ஆகிவிட்டதே, இனி கோடி கோடியாகப் பணம் வருமா?

வராது. 2022இல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் (94 ஹெக்டேர்) வேம்பனூர் ஈரநிலமும் (ஏறத்தாழ 20 ஹெக்டேர்) ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ராம்சார் என்பது உலக அளவில் முக்கியமான ஈரநிலத்துக்குத் தருகிற ஒரு பட்டம், அதோடு காசோலை வராது. பட்டம் கிடைத்த பின் மாநில அரசு திட்டம் எழுதி மத்திய அரசுக்கு அனுப்பினால், நீர்நிலைச் சூழல் பாதுகாப்புத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் பணம் வரும். தமிழ்நாடு ஈரநில இயக்கம் என்று மாநிலமே 100 ஈரநிலங்களுக்கு ஐந்தாண்டில் 115 கோடி ரூபாய் என ஒரு திட்டம் போட்டது. அதில் நம் குளம் இருக்கிறதா, என்ன வேலை, எவ்வளவு என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

பட்டத்தால் வேறொரு லாபம் உண்டு. 2017 ஈரநில விதிகளின்படி ராம்சார் இடத்தை மண் போட்டு மேடாக்கவோ குப்பை கொட்டவோ கூடாது. நான்குவழிச் சாலைக்காகக் குளங்களுக்கு நடுவில் மண் கொட்டியதைக் கண்ணால் பார்த்த மாவட்டம் இது. சட்டத்தின் அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு.

தேரூரில் நெல் விவசாயமும் தாமரையும் பறவையும் ஒரே குளத்தை நம்பியிருக்கின்றன. பறவைக்காக மட்டும் பணம் செலவழித்து நடைபாதையும் கோபுரமும் கட்டினால், மடையைத் திறந்துமூடுகிறவன் போய்விடுவான். அவன் போனால் குளத்தில் தண்ணீர் நிற்காது.

வயலை விற்காமல் நெல்லே போட்டால் அரசு ஏதாவது தருமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. பதில் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

நாஞ்சில் நாடு என்றால் நெல். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும், பிறகு பெருஞ்சாணியும், தோவாளைச் சானல், அனந்தனார் சானல், புத்தனாறு எல்லாமும் அந்த நெல்லுக்காக இழுத்த தண்ணீர். இப்போது ஏலாவில் (வயல்வெளியில்) நின்று பார்த்தால் முதல் பாதி தென்னை, அடுத்தது வாழை, நடுவில் மண் நிரப்பிய பிளாட். அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிற நெல்லுக்கு இரண்டு பக்கமும் நிழல். நிழலில் நெல் கதிர் விடாது. ஆகவே பக்கத்து வயல்காரன் விற்ற அன்றே உங்கள் வயலின் ஆயுளும் எண்ணப்பட்டுவிட்டது.

களியக்காவிளைக்கு அப்பால் நிலைமை வேறு. கேரளத்தில் 2008இல் நெல்வயல், தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். வயலை நிரப்ப முடியாது. 2020இல் நெல்வயல் வைத்திருப்பவர்களுக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ராயல்டி தரத் தொடங்கினார்கள். தொகை சின்னதுதான், ஆனால் வயல் ஊருக்குச் செய்கிற உபகாரத்துக்கு அரசு கூலி கொடுக்கிறது என்று அதற்கு அர்த்தம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டமோ ராயல்டியோ இல்லை. இங்கே இருப்பது நகரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவும் 2017 விதிகளும். நகரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே நன்செய் நிலத்தை மாற்ற வேளாண் இணை இயக்குநரின் கருத்தைக் கேட்டுக் கலெக்டர் இசைவு தர வேண்டும். இது தடுக்கிற சட்டம். நிலத்தை வைத்திருப்பவனுக்கு இதனால் வரவு இல்லை. விதைக்கும் இயந்திரத்துக்கும் மானியம் உண்டு, கொள்முதல் விலைக்கு மேல் மாநில ஊக்கத்தொகை உண்டு. வயலாகவே வைத்திருந்ததற்கு ஒன்றும் இல்லை.

விளவங்கோட்டுக்காரர்கள் இன்னொன்றும் சொல்வார்கள், அதுவும் நியாயம். நெய்யாறு இடதுகரைச் சானலில் 2004லிருந்து கேரளத் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் இல்லாத வயலுக்கு ராயல்டி கொடுத்து என்ன செய்ய?

வீட்டு விளையில் நாகர் காவு (பாம்புத் தெய்வத்துக்கு விட்ட சிறுகாடு) இருக்கிறது. அதைக் காடாகவே விட்டுவைக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் பணவழி குறைவு. காவு ஊருக்குப் பொதுவானது என்றால் ஊராட்சியில் உயிரியல் பல்வகைமை மேலாண்மைக் குழு இருக்கும், காகிதத்திலாவது இருக்கும். அந்தக் குழு தீர்மானம் போட்டு, 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தில் பல்வகைமைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கேட்கலாம். தமிழ்நாட்டில் முதலில் அறிவித்தது மதுரை அரிட்டாபட்டியை, 2022இல். அடுத்தது 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் கோயில்காடு, பரப்பு 5 ஹெக்டேர் கூட இல்லை. நம் ஊர் காவுகளை அற்பமாக நினைக்க வேண்டாம் என்பதற்காக இந்த அளவைச் சொல்கிறேன். தனி ஆளின் நிலமென்றால் வன உயிரினச் சட்டத்தில் சமுதாயக் காப்பகம் என்ற ஏற்பாடு இருக்கிறது, நீங்களாக முன்வந்து கொடுக்க வேண்டும். நாற்று வேண்டுமானால் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்து நாற்றங்காலில் கிடைக்கும். காவுக்குள் நாற்று நட வேண்டாம். விட்டாலே போதும், அதுவாக வரும்.

மலையடிவாரத்தில் ரப்பர். தனியார் காடு என்று பதிவாகியிருக்கிறது, மரம் வெட்டவும் விற்கவும் முடியவில்லை. நஷ்டஈடு?

1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் அது. விற்கவும் அடகு வைக்கவும் மரம் வெட்டவும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். நஷ்டஈடு இல்லை. சர்வே எண்ணைத் தவறாகச் சேர்த்திருந்தால் ஆதாரத்தோடு குழுவுக்கு எழுதுங்கள், அது ஒன்றுதான் வழி. மாவட்டத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் காடு. 2008இல் 402 சதுர கிலோமீட்டரை வன உயிரினச் சரணாலயமாக்கினார்கள். கோதையாறும் பரளியாறும் அங்கிருந்துதான் வருகின்றன. காட்டைக் காப்பாற்ற வேண்டியது சரிதான், அந்தச் செலவை மலையடிவாரத்து நாலு ஏக்கர்க்காரன் தலையில் மட்டும் வைப்பது சரியில்லை.

குளத்தை ஊரே சேர்ந்து தூர்வாரினால் அரசு பங்கு போடுமா?

'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஊர்ப்பணம் முதலில் கட்டப்பட வேண்டும், வசூல் நோட்டோடு போனால் நடக்காது. விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் குளத்து வண்டல் மண் இலவசம். 2024லிருந்து தாசில்தாரே அனுமதி தரலாம். வண்டல் எடுக்கிறேன் என்று கரையடி மண்ணையும் சேர்த்து அள்ளுகிற ஜேசிபிகள் உண்டு. ஆள் ஒருவரைக் கரையில் நிறுத்தி வையுங்கள்.

கிணறு தோண்டும்போது பழங்காசு கிடைத்தால்?

கலெக்டருக்குச் சொல்லிவிடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் மறைப்பது குற்றம்.

கண்ணாடிப் பாலத்துக்கு 37 கோடி இருக்கிறது, எங்கள் மடைக்கு 40 ஆயிரம் இல்லையா?

விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம், 2024 டிசம்பர் 30இல் திறந்தார்கள். நானும் பேரப்பிள்ளைகளோடு போனேன், நன்றாகத்தான் இருந்தது. திறப்புவிழா நடத்தக்கூடிய வேலைக்குப் பணம் சீக்கிரம் கிடைக்கிறது. மடைப்பலகை மாற்றுவதற்கு யார் நாடா வெட்டுவார்?

பழைய காலத்தில் இதை வேறு மாதிரிச் செய்தார்கள். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் 95 மாணவர்களுக்குச் சாலையும் (கல்விக்கூடம்) நிறுவினான். அரசன்தான், கேட்டால் யார் மறுப்பார்? ஆனாலும் முஞ்சிறை சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்துத்தான் இடத்தை வாங்கினான் என்று செப்பேடு சொல்கிறது. கட்டடத்தோடு, அதை நடத்திப்போக நிலவருமானத்தையும் சேர்த்தே எழுதிவைத்தான். இன்றைய மானியங்களில் கட்டுவதற்குத் தொகை இருக்கிறது, அடுத்த வருடம் துடைப்பம் வாங்கத் தொகை இல்லை.

கிராமசபைத் தீர்மானத்துக்குப் பலன் உண்டா?

உண்டு. தனி ஆள் மனுவைக் கிடப்பில் போடலாம், தீர்மான நகலுக்குப் பதில் எழுதியாக வேண்டும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. வருடத்தில் ஆறு கிராமசபை. அதில் ஒன்று நவம்பர் 1, உள்ளாட்சி நாள். நம் மாவட்டத்துக்கு அன்று தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள், உள்ளூர் விடுமுறையும் உண்டு. மாலை போட்டுவிட்டு நேரே கிராமசபைக்குப் போகலாம்.

மனுவோடு என்னவெல்லாம் வைக்க வேண்டும்?

'அ' பதிவேட்டு நகல், புலப்பட நகல், பழைய பிரமாணம் இருந்தால் அதன் படி. புகைப்படம் இரண்டு: கோடையில் ஒன்று, மழையில் ஒன்று, இரண்டிலும் ஒரே இடத்தில் நின்று எடுத்தது. பாதிக்கப்பட்டவர்களின் கையெழுத்து, கூடவே அவரவர் சர்வே எண். திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். எங்கள் குளத்து மனு மறுபடி தேவசத்துக்குப் போயிருக்கிறது. ஓவர்சியர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார். தென்னந்தடி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போன வாரம் மணல் மூட்டை ஒன்று கிழிந்துவிட்டது, நானும் பக்கத்து வயல்காரரும் மம்பட்டியோடு போய் மாற்றிவைத்தோம்.